பிழை செய்தோர்க்குக் குறிப்பாணை

தப்புச் செய்தவரை, செய்த இடத்துக்கே திரும்பக் கூட்டிவந்து, அவர் எழுதியதையெல்லாம் அப்படியே அவர் கையில் கொடுத்து, ‘இந்த ஒரு இடத்தை மட்டும் கொஞ்சம் பாருங்கள்’ என்று சொல்வதில் யாருக்கு என்ன குறைந்துவிடும்?

ஜெயப்பிரியா இதை வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்கிற வழக்கமும் அவளுக்கு இல்லை. இராமநாதபுரத்தில் கடலோர நல்வாழ்வு முகமையின் கூட்ட அறையில், நீள மேசையின் கடைக்கோடியில், மடிக்கணினியைக் கேடயம்போல முன்னால் நிறுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகமையின் இணையதளத்தைக் கட்டியது அவள்தான். ஒப்பந்த வேலை. மாதாமாதம் நீட்டிப்பார்கள், அல்லது நீட்டிக்க மாட்டார்கள்.

யாரோ முகம் தெரியாத ஆட்கள் எழுதி உலகத்துக்கு இனாமாகக் கொடுத்த ஒரு பிஎச்பி ஃபிரேம்வொர்க்கின், ஆயத்த நிரல் சட்டகத்தின், மேல்தான் அவள் அதைக் கட்டியிருந்தாள். படிவத்தில் ஒருவர் தப்பாக எதையாவது நிரப்பினால் அது கோபித்துக்கொள்வதில்லை. அதே பக்கத்துக்கு அழைத்துவரும். நிரப்பியது எதையும் அழிக்காது. தப்பான கட்டத்துக்குக் கீழே மட்டும் சிவப்பில் ஒரு வரி எழுதி வைக்கும். பெங்களூரில் ஆட்குறைப்பு என்று வெளியே அனுப்பப்பட்டு அவள் ஊர் திரும்பிய நாளிலிருந்து, பெற்றவள்கூட அவளிடம் இவ்வளவு மரியாதையாக ஒரு வார்த்தை பேசியதில்லை. அதனால் அந்த நிரலின் மேல் அவளுக்கு மனிதர்கள்மேல் வருவதுபோன்ற ஒரு பிரியம் இருந்தது.

அன்று தனி அலுவலர் முனீஸ்வரன் இணையதளத்தைத் தொடங்கி வைத்தார். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்குத் தண்ணீர்ப் படுக்கை வழங்கும் திட்டம். முதுகில் புண் வராமல் காக்கும் படுக்கை. மாதிரிக்கு ஒரு விண்ணப்பத்தை அவரே நிரப்பினார். பெயர் என்ற இடத்தில் ‘சோதனை’ என்று எழுதினார். தன் படத்தையே ஏற்றினார். முகவரிக்கு அலுவலக முகவரி. கைப்பேசி எண்ணில் ஓர் இலக்கம் விட்டுப்போனது. பொத்தானை அழுத்தினார். பக்கம் திரும்பி வந்தது, கீழே சிவப்பு வரியோடு.

எல்லாரும் திரையை விட்டு அவர் முகத்தைப் பார்த்தார்கள்.

“என்னையவா திருப்பி அனுப்புது?” என்றார் முனீஸ்வரன்.

“நம்பர் ஒண்ணு குறையுது சார். அதைப் போட்டா போயிரும்,” என்றாள் ஜெயப்பிரியா.

அவர் போட்டார். போய்விட்டது. ஆனால் அவர் முகம் தெளியவில்லை. “அப்ப தப்புப் பண்ணதுக்கு ஒண்ணுமே இல்லையா? திருத்துனா முடிஞ்சு போச்சா?”

“ஆமா சார்.”

“அது எப்படிம்மா முடியும்? நான் சர்வீஸ்ல வாங்காத மெமோ கிடையாது. ஒரு தடவை ‘தங்கள் நடத்தை குறித்து’ன்னு மட்டும் போட்டு ஒரு மெமோ வந்துச்சு. எந்த நடத்தைன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. ராத்திரி பகலா உக்காந்து யோசிச்சேன். யோசிக்க யோசிக்க எவ்வளவு தப்பு ஞாபகம் வருது தெரியுமா? எல்லாத்துக்கும் விளக்கம் எழுதிக் குடுத்தேன். அதுல பாதி அவங்களுக்கே தெரியாதது. அதுக்கும் சேத்து இன்க்ரிமெண்டை வெட்டுனாங்க. அதுதான் நிர்வாகம். அந்த ஒழுக்கம் ஜனங்களுக்கு வர வேண்டாமா?”

பக்கத்தில் இருந்த கள ஆய்வாளர் வீரமணி, “கண்டிப்பா வரணும் சார்,” என்றார். அவர் கையிலும் அப்போது ஒரு குறிப்பாணை இருந்தது. தாமதமாக வந்ததற்கு, காலையில் வாங்கியது.

சரிபார்ப்பில் ஒரு படிவம் தோற்றால் என்ன செய்வது என்பதற்கு அந்த ஃபிரேம்வொர்க்கில் தனியாக ஓர் இடம் உண்டு. அங்கே எதுவும் எழுதாமல் விட்டால் அது தன் சுபாவப்படி நடந்துகொள்ளும். எழுதினால் எழுதச் சொன்னவரின் சுபாவப்படி நடந்துகொள்ளும். ஜெயப்பிரியா அன்று சாயங்காலமே எழுதிவிட்டாள். சில வரிகள்தான். எழுதும்போது அவளுக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. ஒரு வேலை பிசகாமல் முடியும்போது விரல்களுக்கு வரும் சந்தோஷம். அது எந்த வேலை என்று விரல்கள் கேட்பதில்லை.

மறுநாள் முதல், தப்பாக நிரப்பியவர்கள் பழைய பக்கத்துக்குத் திரும்பவில்லை. அவர்கள் முன்னால் கோபுர முத்திரையைப்போலவே தோற்றமளிக்கும் முகமையின் முத்திரையோடு இப்படி ஒரு தாள் விரிந்தது:

‘தங்கள் விண்ணப்பத்தில் தாங்கள் பிழை செய்துள்ளது முகமையின் கவனத்திற்கு வந்துள்ளது. இச்செயல் பொறுப்பற்றதாகவும் பொது நேரத்தை விரயம் செய்வதாகவும் கருதப்படுகிறது. தங்கள்மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பதற்கான விளக்கத்தை இக்குறிப்பாணை கிடைக்கப்பெற்ற பதினைந்து தினங்களுக்குள் சமர்ப்பிக்க வேண்டும். தவறினால், தங்கள் தரப்பில் கூற ஏதுமில்லை எனக் கருதி முடிவெடுக்கப்படும்.’

“என்ன பிழைன்னு போடலையே சார்?” என்று மட்டும் அவள் கேட்டாள்.

“சொன்னாத் திருத்திருவாங்களேம்மா.”

நிரப்பியவற்றையும் அழித்துவிடச் சொன்னார். அது தடயம், தடயத்தை யாராவது தப்புச் செய்தவர் கையில் திருப்பிக் கொடுப்பார்களா? அவள் அழித்தாள்.

விளக்கம் கொடுப்பதற்கு ஒரு பக்கம் வேண்டியிருந்தது. பக்கம் என்றால் அதற்கும் சரிபார்ப்பு உண்டு. முதல் வாரத்தில் வந்த விளக்கங்கள் எல்லாம் ‘மன்னிக்கவும்’ என்றே இருந்தன. ஒற்றை வார்த்தையில் மன்னிப்புக் கேட்பது திமிர் என்று முனீஸ்வரன் சொன்னார். வருத்தம் இத்தனை எழுத்துக்குக் குறையக் கூடாது என்று விதி வந்தது. குறைந்தால் அதற்கொரு குறிப்பாணை. தேவிபட்டினத்தில் ஒருவர், விண்ணப்பத்தில் செய்த பிழைக்குத் தந்த விளக்கத்தில் செய்த பிழைக்குத் தந்த விளக்கத்துக்காக ஒரு குறிப்பாணை வாங்கினார். அதைச் சட்டம் போட்டு மாட்டலாம் என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள். வாங்கியவருக்குப் படுக்கை தேவைப்படுவதை யாரும் பேசவில்லை.

உச்சிப்புளியில் இ-சேவை மையம் வைத்திருந்த சபியா, ஜெயப்பிரியாவோடு பள்ளியில் படித்தவள். போன் போட்டாள்.

“ஏன்டி, நீதானே அந்த வெப்சைட்டைப் பண்ணது? கண்ணு ஒழுங்காத் தெரியாத ஒரு அத்தா வந்து பொண்டாட்டிக்காகப் போட்டாரு. மெமோன்னு வந்துச்சு. வாசிச்சுக் காட்டினேன். மனுசன் சேர்லேருந்து எந்திரிச்சு நின்னுட்டாரு. போலீஸு வருமாம்மான்னு கேக்குறாரு. அல்லா மேல ஆணை, எனக்கே பயம் வந்துருச்சு.”

“சாரிடி.”

“ஒத்த வார்த்தைல சொன்னா ஒங்க ஆபீஸ்ல செல்லாதாமே.”

ஜெயப்பிரியா சிரித்தாள். பிறகு, தான் சிரித்தது ஏன் என்று வெகுநேரம் யோசித்தாள்.

அந்த நாட்களில்தான் கருத்தம்மாளின் விண்ணப்பம் உள்ளே வந்தது. ஜெயப்பிரியாவின் அய்யாவுடைய மிளகாய்க் காட்டில் வருசா வருசம் களை எடுக்கவும் பழம் பறிக்கவும் வருகிறவள். ஊரில் சின்னப் பிள்ளைகள்கூட அவளைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். கல்லூரிக்குப் போய் வந்த பிறகு ஜெயப்பிரியா ஒருநாள் ‘அக்கா’ என்று கூப்பிட்டுப் பார்த்தாள். இரண்டு பேருமே கூசிப் போனார்கள். ஆனாலும் விடவில்லை. கருத்தம்மாளின் புருசன் சின்னக்கருப்பன் பனையிலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வு போய்க் கோரைப்பாயில் கிடந்தான். முதுகு முழுக்கப் புண். வாழை இலையை மாற்றி மாற்றிப் போட்டுக் கருத்தம்மாள் அவனைப் புரட்டிக்கொண்டிருந்தாள். அந்த ஊரில் அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று, அந்தப் படுக்கை.

விண்ணப்பத்தில் பிழை இல்லை. சபியா நிரப்பியது. ஆனால் அந்த வாரம் முனீஸ்வரன், வந்த விண்ணப்பங்களின் படங்களை வரிசையாகப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் காது சிவந்தது.

“என்ன இது, எல்லாரும் படுத்துக் கிடக்காங்க?”

“படுக்கை நோயாளிங்க சார்,” என்றார் வீரமணி.

“நோய் அவங்க வீட்டோட. போட்டோ அரசாங்கத்துக்கு. அரசாங்கத்துக்கு முன்னால எவனாவது கால நீட்டிப் படுப்பானா? நான் இவ்வளவு பெரிய ஆளு, மேலதிகாரி வந்தா எந்திரிச்சு நிக்கிறேன். நிக்கச் சொல்லுங்க. முழு உருவமா, நின்ன நிலையில.”

நின்ற நிலைப் புகைப்படம் கட்டாயம் என்று மையங்களில் எல்லாம் அறிவிப்பு ஒட்டப்பட்டது. ஏற்கனவே வந்தவையும் மறு சரிபார்ப்புக்குப் போய், எல்லாருக்கும் குறிப்பாணை பறந்தது.

நிரலுக்கு ஒருவன் நிற்கிறானா கிடக்கிறானா என்று தெரியாது. படத்தின் உயரம் அகலத்தைவிடக் கூடுதலா என்று மட்டும்தான் தெரியும். ஜெயப்பிரியா அந்த அளவைத்தான் விதியாக எழுதினாள். கைப்பேசியை நிமிர்த்திப் பிடித்து எடுத்தால் கிடக்கிறவனும் தப்பித்துப் போய்விடலாம். வேண்டுமென்றே விட்ட சந்து அது. அன்றிரவு அவள் தன்னைப் பற்றி நல்லவிதமாக நினைத்துக்கொண்டு தூங்கினாள்.

சபியாவுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். போனைக் கையில் எடுத்தாள். ஒப்பந்த நீட்டிப்புக் கோப்பு அந்த வாரம்தான் முனீஸ்வரன் மேசையில் இருந்தது. சந்து விட்டிருக்கிறேன் என்று சொல்லப்போய் அது நாலு காதுக்குப் போனால்? புத்திசாலிகள் கண்டுபிடித்துக்கொள்வார்கள் என்று போனைக் கீழே வைத்தாள். அவள் விட்ட சந்து அவளுக்கு மட்டும் தெரிந்த சந்தாகவே இருந்தது. அதில் ஒருவரும் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கருத்தம்மாள் ஜெயப்பிரியாவின் வீட்டுப் பின்வாசலுக்கு வந்தாள். மடியிலிருந்து கைப்பேசியை எடுத்து நீட்டினாள். அவள் முகத்தில் வெகுநாளைக்குப் பிறகு ஒரு தெம்பு.

“நிக்க வச்சுட்டோம் தாயி.”

ஜெயப்பிரியா பார்த்தாள். கதவு நிலையில் சின்னக்கருப்பன் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தான். நெஞ்சில் ஒரு சேலை, தொடையில் ஒரு சேலை. தலையைத் தண்ணீர் தொட்டுச் சீவி, திருநீறு பூசியிருந்தார்கள். படத்தின் இரண்டு ஓரங்களிலும் இரண்டு கைகள் மட்டும் தெரிந்தன, அவன் தோளைப் பிடித்தபடி. அவன் வாய் திறந்திருந்தது.

“எங்கண்ணனும் அவுக மச்சினனும் பிடிச்சுக்கிட்டாக. கத்துனாக தாயி, மனுசன் கத்துன கத்துல தெருவே வந்துருச்சு. முதுகுல பொருக்கெல்லாம் கழண்டுருச்சு. என்னா செய்ய. ஒரு போட்டோதான, பல்லக் கடிங்கன்னு சொன்னேன். பெட்டு வந்துட்டா ஆறிப்போகும்ல?”

“ம்,” என்றாள் ஜெயப்பிரியா. அந்த ஒரு எழுத்தைச் சொல்ல அவளுக்கு உடம்பில் இருந்த பலமெல்லாம் வேண்டியிருந்தது. போனை நிமிர்த்திப் பிடித்திருந்தாலே போதும் என்பதை அவள் அப்போதும் சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். கருத்தம்மாள் திட்ட மாட்டாள். ‘அப்படியா தாயி’ என்பாள். அதைத்தான் அவளால் தாங்க முடியாது.

சபியா மறுபடி ஏற்றிய அந்தப் படம் சரிபார்ப்பில் தேறியது. நின்ற நிலை விதி வந்த பிறகு வீரமணியின் மேசை வரை போன முதல் படம் அதுதான். வீரமணி நேர்மையான மனிதர். எதையும் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டார். பார்த்தார். எழுதினார்:

‘புகைப்படத்தில் பயனாளி நிற்பது தெளிவாகத் தெரிகிறது. நிற்கக் கூடியவர் படுக்கை நோயாளி ஆகார். தகுதியில்லை. தவறான தகவல் அளித்தமைக்கு விளக்கம் கோரலாம்.’

ஜெயப்பிரியா அவர் மேசைக்குப் போனாள். “கட்டி வச்சிருக்காங்க சார். சேலை தெரியுது பாருங்க.”

“தெரியுதும்மா. நான் என்ன குருடனா? ஆனா ரூல்ஸ்ல கட்டியிருக்கக் கூடாதுன்னு இல்ல. நிக்கணும்னு இருக்கு. நிக்கிறான். நின்னா படுக்கை நோயாளி இல்லைன்னு இருக்கு. இல்ல. இதுல நான் சொந்தமா என்ன சேத்தேன், சொல்லு?”

அவர் எதையும் சொந்தமாகச் சேர்க்கவில்லைதான். அவள் முனீஸ்வரனிடம் போனாள். இதற்கு முன்னால் ஒரு சங்கதி சொல்ல வேண்டும். தொடக்க விழா அன்று முனீஸ்வரன் நிரப்பிய மாதிரி விண்ணப்பத்தை யாரும் நீக்கவில்லை. விதிகள் முளைக்கும் முன்பே அது தேறிப் போயிருந்தது. ஆகவே திருவாளர் சோதனைக்கு ஒரு படுக்கை ஒதுக்கப்பட்டு, அலுவலக முகவரிக்கே வந்து, பதிவறையில் உறை பிரிக்காமல் கிடந்தது.

“சார், அந்தப் படுக்கையையாவது சின்னக்கருப்பனுக்குக் குடுத்தா...”

முனீஸ்வரன் கண்ணாடியைக் கழற்றினார். அவளுடைய அறியாமையை அவர் மன்னிப்பது தெரிந்தது. “அது சோதனைங்கிறவருக்கு அலாட் ஆனதும்மா.”

“அப்படி ஒரு ஆளே இல்லையே சார்.”

“இல்லைன்னு யாரு சான்று குடுப்பா? நாளைக்கு ஆடிட்ல, சோதனை எங்கன்னு கேட்டா, படுக்கையையாவது காட்டலாம். படுக்கையும் இல்லைன்னா? ஒரு நேர்மையான பயனாளியோட உரிமைய நாம பறிக்கக் கூடாது. நம்ம லிஸ்ட்லயே தப்பில்லாம நிரப்புன ஒரே மனுசன் அவருதான்.”

அவள் இடத்துக்குத் திரும்பினாள். ஒப்பந்த நீட்டிப்பு ஆணை மேசையில் வந்து கிடந்தது.

சின்னக்கருப்பன் ஆடி பிறந்த கொஞ்ச நாளில் செத்துப்போனான். பொருக்குக் கழன்ற இடத்தில் சீழ் பிடித்து, காய்ச்சல் கண்டு, கடைசியில் யாரையும் அடையாளம் தெரியாமல் போனான் என்று அம்மா சோறு போட்டுக்கொண்டே சொன்னாள். “காட்டுக்கு ஆளு வராது இந்த வாரம்,” என்றும் சொன்னாள். ஜெயப்பிரியா தட்டில் கை கழுவினாள்.

அதே மாதத்தில்தான் மக்கள்நேய இணையதள விருதுக்காகப் பார்வையிட ஒரு குழு வருவதாகத் தகவல் வந்தது. முனீஸ்வரன் எல்லாரையும் கூட்டினார்.

“நிராகரிச்சது எத்தனைன்னு கேப்பாங்க. நிலுவை எத்தனைன்னு கேப்பாங்க. நாம ரெண்டுமே இல்லைன்னு சொல்லணும். பொய் சொல்லக் கூடாது. இல்லாம ஆக்கிட்டுச் சொல்லணும். ஜெயப்பிரியா, சரிபார்ப்புல தோத்தா என்ன வரணும்னு நீ எழுதுற இடம் இருக்கில்ல? அதுல இனிமே ‘விண்ணப்பதாரர் தாமாகவே விலகிக்கொண்டார்’னு வரட்டும். பழசுக்கும் சேத்து மாத்திரு. பாரு, எவ்வளவு அழகா இருக்கு. நாம யாரையும் தோக்கடிக்கல. அவங்களா, பெருந்தன்மையா, விலகிக்கிறாங்க.”

அவள் அதையும் எழுதினாள். ஒரு மாவட்டமே பெருந்தன்மையாக விலகிக்கொள்ள ஒரு மத்தியானம் போதுமானதாக இருந்தது.

ஒன்று மட்டும் விலகவில்லை. சின்னக்கருப்பனுடையது படிவச் சரிபார்ப்பில் தேறி, வீரமணி கைக்குப் போன விண்ணப்பம். அவர் விளக்கம் கோரியிருந்ததால், இணையதளத்தில் அது இன்னும் விசாரணையில் இருந்தது. விசாரணையில் இருக்கும்போது பயனாளி செத்துப்போவது நிர்வாகத்துக்கு அழகில்லை.

“அவன் சாகுறதுக்கு முன்னாடியே வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டான்னு இருந்தா முடிஞ்சது,” என்றார் முனீஸ்வரன். “பொண்டாட்டி கைநாட்டு வச்சாப் போதும். தேதிய நாம போட்டுக்குவோம். ஒங்க ஊர்தானே? ஒங்க வீட்டுக்காட்டு ஆளு வேற. நீ கேட்டா வச்சிருவா. இந்த டேப்லெட்டையும் ரேகை மெஷினையும் கொண்டுபோ. நாளைக்கு டீம் வருது.”

அவள் கொண்டு போனாள். உச்சிப்புளியில் பஸ் இறங்கி, வெயிலில் வண்டிப்பாதையில் நடந்தாள். மேலே கடற்படை ஹெலிகாப்டர் ஒன்று சத்தமாகப் போய் வந்தது. நடக்கும்போது, கைநாட்டு வாங்க எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தாள். நல்லவிதமாகக் கேட்க ஒரு வழி கிடைக்குமா என்று தேடினாள். கிடைக்கும்போல இருந்தது. அது அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

கருத்தம்மாள் வாசலில் அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நெற்றி வெறுமையாக இருந்தது. ஜெயப்பிரியாவைக் கண்டதும் பரபரப்பாக எழுந்தாள்.

“வா தாயி. வெயில்ல நடந்தா வந்த? சொல்லிவிட்டா நானே வந்திருப்பேன்ல.” உள்ளே கூட்டிப் போய் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். அதைப் போட இடம் இருந்தது. பாய் கிடந்த இடம்.

“ஆபீஸ்லேருந்து வாரேன்க்கா.”

“கைநாட்டா?” கருத்தம்மாள் டேப்லெட்டைப் பார்த்துவிட்டாள். “சபியா அன்னைக்கே சொல்லுச்சு, ஆளு செத்துட்டா கைநாட்டு கேட்டு ஆபீஸ்லேருந்து யாராச்சும் வருவாங்கன்னு. இரு, கையக் கழுவிட்டு வாரேன். ஈரமா இருந்தா மெசினு எடுக்காது.”

“எதுக்குன்னு கேக்க மாட்டீங்களா?”

“நீ தப்பாவா வாங்குவ?”

கழுவிவிட்டு வந்தாள். முந்தானையில் பெருவிரலைத் துடைத்தாள். ரேகை தேய்ந்த விரல். மிளகாய்க் காம்பு கிள்ளிக் கிள்ளித் தேய்ந்தது. எடுக்காமல் போய்விடுமோ என்று இன்னொரு தரம் அழுத்தித் துடைத்து, நாற்காலிக்கு முன்னால் தரையில் குந்தி, விரலை நீட்டினாள்.

“எங்கன வைக்கணும்?”

ரேகை இயந்திரத்தில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஜெயப்பிரியா அதை டேப்லெட்டிலிருந்து பிடுங்கினாள். விளக்கு அணைந்தது. வயரைச் சுற்றிப் பைக்குள் வைத்தாள்.

“வேண்டாம்க்கா. கையை எடுங்க.”

கருத்தம்மாள் எடுக்கவில்லை. தான் ஏதோ தப்பாகச் செய்துவிட்டதுபோல விரலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, மறுபடி நீட்டினாள்.

போன் அடித்தது. முனீஸ்வரன்.

“வச்சாச்சா?”

“இல்லை சார்.”

“மெஷின் எடுக்கலையா?”

“எடுக்கும் சார்.”

“அந்தப் பொம்பளை தகராறு பண்ணுதா? போனைக் குடு, நான் பேசுறேன்.”

“அவங்க விரலை நீட்டிக்கிட்டுத்தான் இருக்காங்க சார்,” என்றாள் ஜெயப்பிரியா. “நான் வாங்க மாட்டேன்.”